இரண்டு சொம்புத் தண்ணீர்

குன்றின் அடிவாரத்தில் இருந்த அந்த மடத்துக்கு ஆவுடையம்மை தலைவி. வயது நாற்பதுதான். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தில்லைவனத்துக்கு அறுபத்திரண்டு. ஊரில் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தவர். அவர் வாய் திறந்தால் எதிரில் இருப்பவர்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிடுவார்கள். மடத்தில் தண்ணீர் பார்த்துக்கொள்ளும் வேலை அவருடையது.

குன்றின் மேலே ஒரு சுனை. அங்கிருந்து கட்டைவிரல் பருமனுள்ள இரும்புக் குழாய் ஒன்று பாறையை ஒட்டியே முப்பது அடி இறங்கி வரும். சமையல்கட்டுக்கு வெளியே இருந்த பெரிய மரப்பீப்பாயில் அதன் தண்ணீர் விழும். பீப்பாய் நிறைந்து எந்நேரமும் வழிந்துகொண்டிருக்கும். அது தில்லைவனத்துக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் சுனையின் வாயை அடைத்துவிட்டு, பீப்பாய்க்கு மூடி போட்டார். மூடியில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகினார். இடுக்கு ஒன்று விடாமல் தார்போன்ற கீலைக் காய்ச்சிப் பூசி அடைத்தார். கீல் இறுகியதும் சுனையைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

இலையில் சோறு விழுவதற்குள் வெளியே படாரென்று சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் பீப்பாய் பிளந்து கிடந்தது. அதைச் சுற்றிக் கட்டியிருந்த இரும்புப் பட்டை ஒன்று முற்றத்தின் மறுகோடியில் கிடந்தது.

"தச்சன் ஏமாத்திட்டான் அம்மா," என்றார் தில்லைவனம்.

ஆவுடையம்மை ஒரு பலகையை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "மரம் நல்ல மரம்."

"பின்னே எப்படி உடைஞ்சுது? பீப்பாய் நிறையத் தண்ணி வருஷக்கணக்கா நின்னுச்சே. இப்ப புதுசா சேர்ந்தது அந்தக் குழாய்க்குள்ள நின்ன தண்ணி மட்டும்தான். ரெண்டு சொம்பு இருக்குமா?"

"இருக்கும்."

"ரெண்டு சொம்புத் தண்ணியா இவ்வளவு பெரிய பீப்பாயை உடைக்கும்?"

அம்மை பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே போனார்.

தில்லைவனத்துக்கு ஏற்கெனவே மனசு சரியில்லை. பதினோரு நாளாக அவர் இடுப்பில் ஒரு கடிதம் இருந்தது. மருமகன் எழுதியது. வல்லிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, வருவதானால் வாருங்கள் என்று இரண்டே வரி. மகள் கைப்பட ஒரு எழுத்தும் அதில் இல்லை. போவதா வேண்டாமா என்று தெரியாமல் அதை மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. இப்போது பீப்பாயும் சேர்ந்துகொண்டது. முன்னைவிடக் கனமான பலகையைத் தானே பொறுக்கிக் கொடுத்து, தச்சன் பக்கத்திலேயே நின்று புதுப் பீப்பாய் செய்வித்தார்.

அது வந்த அன்று ஆவுடையம்மை, "வாங்க, பார்த்துடலாம்," என்றார்.

பீப்பாயை நிரப்பி, மூடியை அடைத்தார்கள். முதலில் முழங்கால் உயரமுள்ள அகலமான சுடுமண் குழாய் ஒன்றை மூடியின் மேல் பொருத்தினார் அம்மை. அதில் தில்லைவனம் ஒரு குடம் ஊற்றினார். இன்னொரு குடம். மூன்றாவது குடத்தில்தான் குழாய் நிறைந்தது. பீப்பாய் அப்படியே இருந்தது.

"பார்த்தீங்களா அம்மா! மூணு குடம். அசையலை. மரம்தான் கோளாறு."

அம்மை மண்குழாயை எடுத்துவிட்டு, பழைய இரும்புக் குழாயைப் பொருத்தினார். சுனையை அடைத்துவிட்டு, சொம்போடு தில்லைவனத்தைக் குன்றின் மேலே அனுப்பினார். குழாயின் மேல் வாயில் அவர் முதல் சொம்பை ஊற்றினார். கீழே ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது சொம்பைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தபோதே கீழே பலகைகள் கிறீச்சிட்டன. இடுக்குகளிலிருந்து தண்ணீர் ஊசி ஊசியாகப் பீறிட்டது. ஒரு பலகை வாய் பிளந்தது. அம்மை தலை முதல் கால் வரை நனைந்தார். நகரவில்லை.

"எனக்குப் புரியலை!" மேலிருந்து தில்லைவனம் கத்தினார். "மூணு குடத்தைத் தாங்கினது ரெண்டு சொம்பைத் தாங்காதா? இது என்ன நியாயம்? என் மக மாதிரியே இருக்கே இது!"

"மகளுக்கு என்ன?"

வாய் தவறி வந்துவிட்டது. இனி விழுங்க முடியாது.

"அவளே ஒருத்தனைப் பார்த்துக் கட்டிக்கிறேன்னு சொன்னா. ஊரே ஒரு மாசம் அவளைத் திட்டுச்சு. என் தங்கச்சி வாசல்ல நின்னு வாய்க்கு வந்ததெல்லாம் பேசினா. எல்லாத்தையும் சிரிச்சுக்கிட்டே கேட்டா அம்மா அவ. நான் ஒண்ணும் திட்டலை. 'போ'ன்னேன். ஒரே வார்த்தை. அதுவும் ஒரே எழுத்து. கட்டின புடவையோட போனவ ஏழு வருஷமா திரும்பிப் பார்க்கலை."

"யார் வளர்த்த பிள்ளை?"

"நான்தான். மூணு வயசுல தாயைப் பறிகொடுத்தது. அப்புறம் அதுக்கு எல்லாம் நான்தான். யார் என்ன சொன்னாலும், அது சரியா தப்பான்னு நிமிர்ந்து என் முகத்தைத்தான்..."

சொம்பில் மிச்சமிருந்த தண்ணீர் அவர் காலில் ஒழுகியது. அவர் கவனிக்கவில்லை.

கீழே ஆவுடையம்மை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார். "எவ்வளவு தண்ணிங்கிறது இல்லை, எவ்வளவு உயரத்துலேர்ந்து இறங்குதுங்கிறதுதான்," என்றார்.

தில்லைவனம் சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பாறை விளிம்புக்கு வந்தார். குரல் முன்போல இல்லை.

"இப்ப நான் அவகிட்ட என்னம்மா சொல்றது? கடுதாசி எழுதவா? யாரையாவது விட்டுப் பேசச் சொல்லவா? எப்படிச் சொன்னா அவ தாங்குவா? ஒண்ணுமே விளங்கலை எனக்கு."

அம்மை அண்ணாந்து பார்த்தார்.

"முதல்ல கீழே இறங்குங்க."