சொன்ன தேதிக்கு முடிந்த வீடு

நாவல்குறிச்சியில் சடையப்பன் என்று ஒரு கட்டட கான்ட்ராக்டர் இருந்தார், மகா மேதை. மேஸ்திரி ஒண்டிமுத்துவும் கம்பி கட்டும் கெங்கையனும் அவருக்குச் சளைத்தவர்கள் இல்லை. மூன்று பேர் மூளையையும் சேர்த்துக் குழைத்தாலும் ஒரு சட்டி கலவை தேறாது.

போயும் போயும் அவர்களிடம் வீடு கட்டக் கொடுத்தார் திருமேனிநாதன். தபால் ஆபீசில் ஓய்வுபெற்று மதுரையில் வாடகைக்கு இருந்தவர். தை பன்னிரண்டில் கிரகப்பிரவேசம், கையில் தொண்ணூறு நாள். தேதி தவறாமல் முடித்தால் தம்பியின் அரிசி ஆலைக் கட்டடமும் சடையப்பனுக்குத்தான் என்றார். அதைக் கேட்டதிலிருந்து சடையப்பனுக்குத் தூக்கமில்லை. பத்து வருஷமாகக் கழிப்பறை கட்டியே காலம் தள்ளியவர், பாவம்.

இன்ஜினியர் அமலோற்பவம் பெரிய தாளில் வேலைகளைக் கட்டம் கட்டமாகப் போட்டு, எது முடிந்து எது தொடங்க வேண்டும் என்று கோடிழுத்துக் கொடுத்தார். அஸ்திவாரம், தூண், சுவர், கூரை, பூச்சு எல்லாம் ஒரே சிகப்புக் கோட்டில். இருப்பதிலேயே அதுதான் நீளம், நூற்று முப்பது நாள். காம்பவுண்டு, கேட், மின்சாரம், பெயின்ட் எல்லாம் குட்டிக் கோடுகள்.

"மத்ததெல்லாம் முடிஞ்சாலும் இந்தச் சிகப்புக் கோடு முடியாம வேலை முடியாது. எப்படியாவது இதைக் குறைங்க," என்று சொல்லிவிட்டு அந்தம்மா வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். குரங்கு கையில் பூமாலை.

மூவரும் தாளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கூரையில் தண்ணீர் கட்டி ஊறவிட ஓர் ஆளுக்குப் பதினாலு நாள் என்றால், பதினாலு ஆள் போட்டால் ஒரே நாள்தானே என்றான் ஒண்டிமுத்து. சடையப்பன் அசந்துபோனார். ஆனால் பதினாலு வாளிக்கு எங்கே போவது? அந்த யோசனை அதோடு செத்தது.

கெங்கையன் வெகுநேரம் தாளையே முறைத்தான்.

"அண்ணே, குட்டிக் கோடெல்லாம் முப்பது நாளைக்குள்ள முடியுது. நம்மளக் கெடுக்கிறது இந்தச் சிகப்பு ஒண்ணுதான்."

"அதுக்கு?"

"எடுத்துடலாம்."

"முழுசாவா?"

"குறைக்கிறதுன்னு வந்துட்டா அப்புறம் என்ன அரைகுறை?"

சடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மூளையைக் கூடவே வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் கழிப்பறை கட்டினோமே என்று வருந்தினார். தகரம் வெட்டும் கத்தரியால் சிகப்புக் கோட்டை மட்டும் வெட்டியெடுத்து டீ அடுப்பில் போட்டார்கள்.

மிச்ச வேலை இருபத்தெட்டு நாளில் முடிந்தது. மீதி நாளெல்லாம் வேப்பமரத்தடியில் தாயம் ஆடினார்கள். திருமேனிநாதன் போன் செய்தபோதெல்லாம், வேலை தேதிக்கு முந்தி ஓடுகிறது என்றார் சடையப்பன். பொய் என்று தெரிந்து சொல்லியிருந்தால்கூட மன்னிக்கலாம். மனுஷன் நம்பித்தான் சொன்னார்.

தை பன்னிரண்டு. வாடகை வீட்டைக் காலி செய்து, கட்டில் பீரோவை லாரியில் ஏற்றிக்கொண்டு, பசுவும் கன்றுமாக வந்து இறங்கினார் திருமேனிநாதன். கேட் ஜோராக இருந்தது. உள்ளே வேப்பமரக் கிளையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தரையில் வரைபடத்தில் உள்ளபடியே நாலு அறைக்கும் அளவெடுத்துப் பட்டை பட்டையாகப் பெயின்ட் அடித்து, விசேஷத்துக்காக அன்று காலையில் இன்னொரு கையும் பூசியிருந்தார்கள். கூடத்துக்கு நடுவில் சடையப்பன் சந்தனம் பூசிக்கொண்டு நின்றார்.

"வீடு எங்கய்யா?" என்று நாலாபக்கமும் தேடினார் திருமேனிநாதன்.

"வேலையச் சொன்ன தேதிக்கு முடிச்சாச்சு சார். வீட்டையும் சேர்த்துக் கட்டியிருந்தா மாசி கடைசி ஆயிருக்கும்," என்றார் சடையப்பன் பவ்யமாக. "அரிசி ஆலைய எப்ப ஆரம்பிக்கலாம்?"

திருமேனிநாதன் குடையை ஓங்கிக்கொண்டு நேரே அவர்மேல் பாய்ந்தார். சடையப்பன் பதறிப்போய் இரண்டு கையாலும் தடுத்தார்.

"சார், அது சுவரு, பெயின்ட் இன்னும் காயல. வாசல் வழியா வந்து அடிங்க."