எழுபது குடமும் மூன்று தெருவும்

விகிதக் கணக்கு ஒன்பதாம் வகுப்போடு தொலைந்த தலைவலி என்று நம்புகிறவர்கள், ஒரு கோடையில் மூன்று தெருக்கள் ஒரு கறுப்புத் தொட்டியைச் சுற்றி நின்ற கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு நம்பட்டும்.

நகரத்தின் ஓரத்தில், வீடுகளுக்குக் குழாய் வந்தும் தண்ணீர் வராத பகுதி அது. முதல் தெரு, இரண்டாம் தெரு, மூன்றாம் தெரு என்பவைதாம் பெயர்கள். அதற்கு மேல் பெயர் சூட்ட எவருக்கும் பொழுதிருந்ததில்லை. முதல் தெருவும் இரண்டாம் தெருவும் ஓர் அடிபம்பைப் பங்கிட்டன. முதல் தெரு இரண்டு குடம் பிடித்தால் இரண்டாம் தெரு மூன்று பிடிக்கும். இரண்டாம் தெருவும் மூன்றாம் தெருவும் ஒரு பொதுக்குழாயைப் பங்கிட்டன. இரண்டாம் தெரு நான்கு பிடித்தால் மூன்றாம் தெரு ஐந்து பிடிக்கும். இரண்டுமே மண்டைகள் உடைந்து, தையல் போடப்பட்ட பிறகு உண்டான உடன்பாடுகள்.

அந்தக் கோடையில் பம்பும் வற்றியது, குழாயும் வற்றியது. லாரி வந்து ஒரே ஒரு தொட்டியை நிரப்பிவிட்டுப் போயிற்று. தொட்டி கொண்டது எழுபது குடம். “தொட்டி ஒன்றானாலும், எந்தத் தெருவும் பக்கத்துத் தெருவோடு கொண்ட விகிதம் மாறக் கூடாது” என்று மூன்று தெருவினரும் அவரவர் சாமியின் மேல் சத்தியம் செய்தார்கள். சத்தியம் செய்வது எளிது. பிறகுதான் குடங்களை வரிசையில் வைக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் தெருவின் பக்கிரிசாமி விடிவதற்குள் முப்பத்தைந்து குடங்களை அடுக்கிவிட்டார்.

“அடிபம்புல எங்களுக்கு மூணு, குழாயில நாலு. மூணும் நாலும் ஏழு. ரெண்டு, ஏழு, அஞ்சு. முதல் தெருவுக்குப் பத்துக் குடம், எங்களுக்கு முப்பத்தஞ்சு, மூணாந்தெருவுக்கு இருபத்தஞ்சு. கணக்கு முடிஞ்சுது.”

“உங்க தெருவை ரெண்டு தடவை எண்ணுவீங்களோ? ரெண்டு தடவை குளிப்பீங்களோ?” என்று சேலையை இழுத்துச் செருகினாள் மூன்றாம் தெரு ரெஜினா. “ரெண்டு, மூணு, அஞ்சு. அவ்வளவுதான். நடுவுல ஒரு நாலு எதுக்கு? பதினாலு, இருபத்தொண்ணு, முப்பத்தஞ்சு. பதினாலுக்கு இருபத்தொண்ணு, ரெண்டுக்கு மூணா வருதா இல்லையா, சொல்லுங்க!”

முதல் தெருவின் ஹமீதா குரலை உயர்த்தவில்லை. “எங்களுக்குப் பதினாறு. அவங்களுக்கு இருபத்துநாலு. உங்களுக்கு முப்பது.”

“பதினாறா! எந்த ஊர்லேருந்து பறந்து வந்துச்சு அது? உடன்பாட்டுல பதினாறு இருக்கா?” என்றார் பக்கிரிசாமி.

“இல்லதான். உங்க ஏழு மட்டும் இருக்குதா?”

இதில் விந்தை என்னவென்றால், எழுபது என்ற அந்த எண் மூவருக்கும் பல்லிளித்தது. எவர் கணக்கில் வகுத்தாலும் அரைக் குடம்கூட மிஞ்சவில்லை. அவரவர் கணக்கில்தான் அவரவர் தெருவுக்கு அதிகத் தண்ணீர் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

“நம்ம டீச்சரைக் கூப்பிடுங்கய்யா!” என்று இரண்டாம் தெரு கூவியது.

டீச்சர் இன்பவல்லி, கணிதத்தில் முதுகலை படித்துத் தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். பட்டம் அவளுக்குத் தேடித் தந்த சம்பளத்தைவிட, வாய் தேடித் தந்த பகைவர்கள் அதிகம். பக்கிரிசாமியின் மாடியில் வாடகைக்கு இருந்தாள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அவள் காதருகே அவர் குனிந்தார்.

“முப்பத்தஞ்சுன்னு சொல்லிடும்மா. நீ எந்தத் தெருன்னு மறந்துடாதே. வீடு யாருதுன்னும் மறந்துடாதே.”

அந்தக் கோடையில் வேறு வீடு தேடுவதென்றால் எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்பது இன்பவல்லிக்குத் தெரியாததன்று. தனியாக இருக்கும் பெண் என்றதும் சாவியைத் தேடுவதுபோல் நடிக்கும் வீட்டுக்காரர்களை அவள் போதுமான அளவு பார்த்திருந்தாள். ஆனால் ஒரு விகிதம் வாடகையைப் பார்த்து மாறும் என்றால், திங்கட்கிழமை கரும்பலகை முன் எந்த முகத்தோடு நிற்பது?

“வீடு உங்களோடதுதான் சார்” என்றாள், மூன்று தெருவுக்கும் கேட்கும்படி. “வாய் என்னோடது.”

கைப்பையிலிருந்து சுண்ணாம்புக்கட்டியை எடுத்தாள். தொட்டியின் கறுப்பு வயிற்றில் மூன்று எண்களைப் பெரிதாக எழுதினாள்.

பக்கிரிசாமி, ரெஜினா, ஹமீதா: இம்மூவரில் சத்தியத்தை மீறாத கணக்கு யாருடையது? மற்ற இருவர் எங்கே தவறினார்கள்?

விடை: ஹமீதாவின் கணக்கே சரி. முதல் தெருவைப் பார்க்கையிலும் மூன்றாம் தெருவைப் பார்க்கையிலும் இரண்டாம் தெருவின் குடங்கள் அதே குடங்கள்தாம். ஒரு பக்கம் மூன்றாகவும் மறுபக்கம் நான்காகவும் அவை இருக்க இயலாது. மூன்றுக்கும் நான்குக்கும் பொதுவான பன்னிரண்டாக்க வேண்டும். 2:3 என்பது 8:12. 4:5 என்பது 12:15. ஆகவே 8:12:15, கூட்டினால் முப்பத்தைந்து. எழுபதில் பங்கொன்றுக்கு இரண்டு குடம். பதினாறு, இருபத்துநான்கு, முப்பது. நான்கைத் தூக்கி எறிந்த ரெஜினா முதல் உடன்பாட்டைக் காத்து, இரண்டாவதை உடைத்தாள். இருபத்தொன்றுக்கு முப்பத்தைந்து, நான்குக்கு ஐந்து ஆகாது. மூன்றையும் நான்கையும் கூட்டிய பக்கிரிசாமியோ இரண்டையுமே உடைத்தார். இரண்டாம் தெரு வரிசையிலிருந்து பதினொரு குடங்கள் விலக வேண்டியிருந்தது. எவரும் கை வைக்கவில்லை. இன்பவல்லி வரிசைக்குப் போனாள். முதலில் பக்கிரிசாமியின் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள், அடுத்துத் தன்னுடையதை. “மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணு!” என்று அவர் கத்தினார். “பண்றேன் சார்,” என்றாள் அவள், மூன்றாவது குடத்தைத் தூக்கியபடி. “இதையும் சேத்து இன்னும் ஒம்பது குடம் இருக்கு, வழியை விடுங்க.”