நெற்றி ஒன்று, வாசல் மூன்று

காது கொடுத்துக் கேட்டால் போதும். கேள்வி கடைசியில் வரும். விடை வழியிலேயே கிடக்கிறது.

நேபாள மலைப்பாதையில் மண் சரிந்து, ஒரு யாத்திரை பஸ் முழுசாக ஒரு நாள் நின்றுவிட்டது. சமையல் வண்டி முன்னாலேயே போய்ச் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அரிசி, பருப்பு, சமையல்காரர் எல்லாம் அதிலே. பிஸ்கட்டும் தீர்ந்த பஸ்ஸில் ஜனங்கள் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடையநல்லூர்ப் பக்கத்துப் பேராச்சி, பிள்ளை பிறந்தால் வருவதாக நேர்ந்துகொண்டு, பசுபதிநாதரைப் பார்க்க ஊர்ப் பெண்களோடு வந்தவள். மடியில் எட்டு மாதக் கைக்குழந்தை. வயிற்றில் ஒன்றும் இல்லாததால் அவளுக்குப் பால் இறங்கவில்லை. சப்பிச் சப்பிப் பார்த்த பிள்ளை அழுவதைக்கூட விட்டுவிட்டது.

பாதைக்குக் கீழே ஆற்றங்கரையில் கல் உடைக்கிறவர்களின் தகரக் கொட்டகைகள். அங்கிருந்து புகை வந்தது. போய்க் கேட்கலாம் என்று எல்லாருக்கும் தோன்றியது; கை நீட்ட எல்லாருக்கும் கூச்சம். டூர் நடத்துகிற அருணாசலம் அண்ணாச்சி வேறு, அது திருட்டுக் கூட்டம், இறங்கினால் கழுத்தில் கிடப்பது மிஞ்சாது என்று சொல்லி வைத்திருந்தார்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பேராச்சி எழுந்தாள்.

"என் கழுத்துல மஞ்சக்கயிறுதான் கிடக்கு அண்ணாச்சி. அதுக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டாக."

பிள்ளையை முந்தானையில் பொதிந்துகொண்டு இறங்கிவிட்டாள்.

முதல் கொட்டகை தன்மாயாவுடையது. வாசலில் போய் நின்ற பேராச்சிக்குக் கேட்க வாய் வரவில்லை. அந்த ஊர்ப் பாஷையும் தெரியாது. கால் திரும்பப் பார்த்தது. பிள்ளைக்காக நின்றாள். தன்மாயா ஒரு பார்வை பார்த்தாள், கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். பானையைச் சுரண்டி இருந்த சோற்றையெல்லாம் பருப்போடு இவளுக்கு வைத்துவிட்டு, தான் வறுத்த சோளத்தைக் கொறித்தாள்.

அடுத்த கொட்டகை சுக்மதி நனைந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். விறகெல்லாம் ஈரம். வீட்டில் இருந்த ஒரே முக்காலியை உடைத்து அடுப்பில் வைத்து, பிள்ளையையும் தாயையும் காயவைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பேராச்சிக்கு மார் கனத்தது. பிள்ளை குடித்துத் தூங்கியது.

மூன்றாவது கொட்டகை பிமலா இரண்டு தடவை வாசல்வரை வந்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனாள். மூன்றாம் தடவை வந்து, தன் பிள்ளையைப் பேராச்சி மடியில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றி நாலு நாள். பேராச்சி அந்தப் பிள்ளைக்கும் கொடுத்தாள்.

சாயங்காலம் பாதை திறந்தது. புறப்படும்போது மூன்று பேரும் குங்குமத்தோடு வந்து மல்லுக்கு நின்றார்கள். சுக்மதியின் புருஷன் லால், திருப்பூர் பனியன் கம்பெனியில் நாலு வருஷம் இருந்தவன், எடுத்துச் சொன்னான்.

"அக்கா, இங்கே ஒரு வீடுதான் பொட்டு வைக்கும். வெச்சா நீ அந்த வீட்டுப் பொண்ணு. கல்யாணம், சாவு எல்லாம் உனக்குச் சொல்லணும்."

முதலில் நின்றது என் வாசல், தின்றது என் சோறு என்றாள் தன்மாயா. ஈரத்தோடு தின்றிருந்தால் காய்ச்சல்தான் வந்திருக்கும், முக்காலியை உடைத்தது யார் என்றாள் சுக்மதி. அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த முக்காலிதானே என்று தன்மாயா இடித்தாள். என் பிள்ளை இவளிடம் பால் குடித்திருக்கிறது, அதனால் என் வீடுதான் என்றாள் பிமலா. மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். நீ என்ன கொடுத்தாய், வாங்கத்தானே செய்தாய் என்று கேட்டார்கள். பிமலா அசையவில்லை.

மேலே ஹாரன் அலறியது. ஏறுகிறாயா, அங்கேயே குடும்பம் நடத்தப் போகிறாயா என்று அண்ணாச்சி கத்தினார்.

"அடிங்க அண்ணாச்சி, நல்லா அடிங்க. போய்ட்டு வாரேன்னு வீட்டுல சொல்லாம நான் வரமாட்டேன்."

இருப்பது ஒரு நெற்றி. எதிரே மூன்று கைகள். பேராச்சி யார் முன்னால் தலை குனிவதுதான் சரி?

விடை: பிமலா முன்னால். தன்மாயாவும் சுக்மதியும் செய்தது பெரிது, சந்தேகமே இல்லை. ஆனால் வந்தவள் யாராக இருந்தாலும் அதைச் செய்திருப்பார்கள். அது விருந்து. விருந்தாளியிடம் யாரும் தன் வீட்டுக் குறையைக் காட்டமாட்டார்கள். இல்லை என்று போய் நிற்பது பிறந்த வீட்டில்தான். பிமலா அப்படி வந்து நின்றாள்; அப்போதே பேராச்சியைத் தன் வீட்டுப் பெண்ணாக்கிவிட்டாள். வாய் வராமல் ஒரு வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்று காலையில் பேராச்சிக்கும் தெரிந்திருந்தது. பேராச்சி பிமலா முன்னால் குனிந்து பொட்டு வாங்கிக்கொண்டாள். தன்மாயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் வறுத்த சோளம் ஒரு பொட்டலம் மடியில் வந்து விழுந்தது. பஸ்ஸில் அதற்கு முதலில் கை நீட்டியவர் அண்ணாச்சி. மென்றுகொண்டே, நெற்றியில் என்ன அது என்று கேட்டார்.

"பொறந்த வீட்டுல வச்சு விட்டாக," என்றாள் பேராச்சி, பஸ் முழுக்கக் கேட்கும்படி.