தன்வினையாக ஒரு தலை

மன்னர்கள் மகுடம் அணிந்தது ஆட்சியின் அடையாளமாக என்று பலரும் நம்புகிறார்கள். இந்தத் தவறு எத்தனை தலைமுறைகளைக் கெடுத்திருக்கிறது என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. பூங்குன்றை நாட்டு மன்னர் விசயதரையர் மகுடம் அணிந்தது வழுக்கையை மறைக்க. தமிழில் மகுடத்துக்கும் தலைமயிருக்கும் முடி என்று ஒரே பெயர்தான். ஒன்று இருந்தால் மற்றது இல்லாததை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.

அந்த நாட்டுக்கு ஆதிமூலம் என்றொரு வைத்தியர் வந்தார். பின்னந்தலை முடியை வேரோடு எடுத்து முன்னந்தலையில் நடுவது அவர் வித்தை. மன்னர் சம்மதித்தார். படுப்பதற்கு முன் ஓர் ஆணையும் பிறப்பித்தார்: "நட்ட முடி உதிர்ந்தால் நட்டவன் தலை உதிரும்."

ஓலைநாயகம் சீராளன் அதை எழுதிக்கொண்டார். அரசாணைகளை ஓலையில் எழுதிக் காப்பது அவர் வேலை. ஓர் எழுத்துப்பிழையைக் கண்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

நடவு இரண்டு நாளில் முடிந்தது. இருபதாம் நாள் காலை மன்னர் மகுடத்தைக் கழற்றினார். நட்ட முடி மகுடத்துக்குள் இருந்தது.

வைத்தியரை அவையில் நிறுத்தினார்கள். பக்கத்தில் காவலன் மாசிலாமணி, ஒரு கையில் வாள், மறு கையில் கூடை. தலையை வெட்டுவதும், அது தரையில் விழாமல் பிடிப்பதும் அவன் பொறுப்பு.

மன்னர் மகுடத்தைக் கவிழ்த்துக் காட்டினார். "என்ன வைத்தியரே இது?"

"நான் நட்ட முடி, அரசே. இது உதிர வேண்டியதுதான். மேலே உள்ளது போகும், வேர் உள்ளே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் திரும்ப முளைக்கும். அன்றே சொன்னேனே."

"எப்போது சொன்னீர்?"

"தாங்கள் குப்புறப் படுத்திருந்தபோது. 'ம்' என்றீர்கள்."

"அது குறட்டை."

ஆதிமூலம் யோசித்தார். "கொஞ்சம் நீளமான 'ம்' என்று அப்போதே பட்டது."

"நாலு மாதத்தில் நீர் நாலு நாடு தாண்டியிருப்பீர். சொன்ன சொல் சொன்னதுதான். மாசிலாமணி, வெட்டு."

சீராளன் தொண்டையைக் கனைத்தார். "அரசே, ஆணையை ஒருமுறை படித்துவிடலாமா? ஓரெழுத்தும் பிசகக் கூடாதே."

"படியும்."

"நட்ட முடி உதிர்ந்தால் நட்டவன் தலை உதிரும்."

"சரியாகத்தானே இருக்கிறது?"

"மிகச் சரி. அதனால்தான் வாள் உதவாது. உதிரும் என்பது தன்வினை. இலை உதிரும், பூ உதிரும். தங்கள் முடியை யாராவது வெட்டினார்களா?"

"இல்லை. தானாக விழுந்தது."

"இவர் தலையும் தானாக விழ வேண்டும். வெட்டினால் அரசர் வாக்கை அரசரே மீறியதாகும்."

"அதுவரை?"

"காத்திருப்போம். வைத்தியர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மாசிலாமணி கூடையோடு பின்னாலேயே போகட்டும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"இலக்கணத்தில் அதற்கு வரையறை இல்லை, அரசே."

மன்னர் வைத்தியரின் கழுத்தை உற்றுப் பார்த்தார். "மாசிலாமணி, ஆடுகிறதா பார்."

அவன் லேசாக அசைத்துப் பார்த்தான். "இறுக்கமாகத்தான் இருக்கிறது, அரசே."

அன்றிலிருந்து வைத்தியர் நடந்தால் அவனும் நடந்தான். அவர் குனிந்தால் கூடையை நீட்டினான். தும்மினால் இரண்டு கையாலும் நீட்டினான். வைத்தியர் தினமும் மன்னரின் முன்னந்தலையைத் தடவிப் பார்ப்பார். மூன்று மாதம் போயிற்று. தலை வழவழவென்றே இருந்தது.

நான்காம் மாதம் மன்னரின் பொறுமை தீர்ந்தது. "ஓலைநாயகமே, நாளைக் காலை புது ஆணை. இந்தத் தடவை பிறவினையில் எழுதும்."

மறுநாள் சீராளன் எழுத்தாணியோடு வந்து நின்றார். வைத்தியரும் வந்தார், கூடையும் வந்தது. வைத்தியர் வழக்கம்போல் மன்னரின் முன்னந்தலையைத் தடவிவிட்டுச் சீராளனைப் பார்த்துத் தலையசைத்தார்.

"எழுதும்," என்றார் மன்னர்.

"எழுதுகிறேன். பிறவினை என்றால் வெட்ட ஆள் வேண்டும், அரசே. அதற்கு முன் தாங்களே ஒரு தடவை தலையைத் தடவிப் பாருங்கள்."

மன்னர் தடவினார். கை நின்றது. மறுபடி தடவினார்.

"குத்துகிறது," என்றார்.

"குத்தும் என்பதும் தன்வினைதான், அரசே. தானாக முளைத்தது."

மன்னர் சிரித்தார். தலையைத் தடவிக்கொண்டே சிரித்தார். சீராளனுக்குப் பட்டும், வைத்தியருக்கு ஆற்றங்கரையில் ஒரு வீடும் கொடுத்தார். ஒரு வருடத்தில் மகுடம் இல்லாமல் தேரில் வந்தார்.

பழைய ஆணையை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை. எட்டு ஆண்டு கழித்து வைத்தியர் மகள் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த வைத்தியருக்குப் பின்னால் மாசிலாமணி நின்றான். கூடை மட்டும் புதிது.