பழைய கம்ப்யூட்டரில் இருந்த குரல்

கலியமூர்த்தி அந்த ஆசிரமத்துக்கு வந்து இறங்கிய காலையில், பெரியவரைச் சமாதி வைத்துவிட்டு ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

சிதம்பரம் பக்கத்தில் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன் அவன். பெரியவரைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, போகணும் போகணும் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒருவழியாக விடுப்பு எடுத்து, ரயிலேறித் தென்காசியில் இறங்கி, பஸ் பிடித்து மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தால், வாசலில் இருந்தவர்கள் கையில் ஒட்டியிருந்த ஈரமண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பிப் போக அவனுக்கு மனசில்லை. அங்கேயே தங்கிவிட்டான்.

பெரியவருக்குப் பிறகு ஆசிரமத்தைப் பார்த்துக்கொண்டது பிரமநாயகி அம்மா. சின்ன வயதிலேயே பெரியவரிடம் வந்து சேர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். கலியமூர்த்தி அவரையே குருவாக ஏற்றுக்கொண்டான். என்றாலும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குள் பொறாமை மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கும். இவர் காது நிறையக் கேட்டிருக்கிறார். நமக்கு ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லையே என்று தோன்றும்.

பழைய ஆட்கள் சாப்பிட உட்கார்ந்தால் பெரியவர் குரலைப் பற்றித்தான் பேசுவார்கள். அதைக் கேட்டாலே போதும், பாதிக் கேள்வி போய்விடும் என்பார்கள். அவன் இலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பான்.

ஒரு மழைக்காலத்தில் புத்தக அறையை ஒழித்துச் சுத்தம் செய்யும்போது, துணி போட்டு மூடியிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று அவன் கண்ணில் பட்டது. துடைத்துப் போட்டுப் பார்த்தான். கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு மெதுவாக உயிர் வந்தது. உள்ளே தேதி போட்டு வரிசையாக ஒலிப்பதிவுகள் இருந்தன. பெரியவரின் கடைசிக் காலத்து மாலைப் பேச்சுகள். கோயம்புத்தூர் பக்தர் ஒருவர் இந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, மைக் மாட்டிப் பதிவு செய்தாராம். பிறகு அவர் வெளிநாடு போய்விட்டார்.

கலியமூர்த்தி பதிவுகளில் ஒன்றைத் திறந்தான். திரையில் கோடு ஓடியது, சத்தம் வரவில்லை. ஒலி வரும் பகுதி எப்போதோ கெட்டுப்போயிருந்தது.

தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரை அழைத்துவந்து காட்டினான். அவர் அந்தக் கரகரப்பைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க் போகிற நிலையில் இருக்கிறது, கழற்றினால் திரும்பச் சுற்றுமா என்று சொல்ல முடியாது, ஓடிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவில் எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்.

கலியமூர்த்தி அன்றைக்கே புதுப் பென் டிரைவ் வாங்கிவந்து, பின்பக்கத்து யுஎஸ்பி துளையில் செருகினான். அடையாளம் தெரியாத சாதனம் என்று திரையில் வந்தது. எடுத்துச் செருகினான். திரும்பவும் அதேதான். தன் கைபேசியில் செருகிப் பார்த்தால் உடனே திறக்கிறது. இங்கே மட்டும் இல்லை. சாப்பாட்டு மணி அடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

பிரமநாயகி அம்மா வந்து கதவருகே நின்றார்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இது அதை ஏத்துக்கவே மாட்டேங்குது" என்றான்.

அம்மா பதில் சொல்வதற்குள் வாசலில் ஏதோ சத்தம் கேட்டது. இருவரும் போனார்கள். நனைந்துபோன யாத்ரீகர் ஒருவர் தெலுங்கில் ஏதேதோ சொல்லிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். காவலுக்கு இருக்கும் வேலாண்டி கதவை மறித்துக்கொண்டு, யார் நீ, எங்கே வந்தே என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை.

அம்மா வந்தவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, வேலாண்டியையும் கடிந்துகொள்ளவில்லை. அடுக்களையில் இருக்கும் ராஜத்தைக் கூப்பிடச் சொன்னார். ராஜம் ஓசூர்க்காரி, தெலுங்கு தெரியும். அவள் வந்து யாத்ரீகரிடம் விசாரித்து, வேலாண்டியிடம் தமிழில் சொன்னாள். வேலாண்டி உடனே கதவைத் திறந்து, தன் துண்டையே எடுத்து அவருக்குத் தலை துவட்டக் கொடுத்தார்.

அம்மா கலியமூர்த்தியிடம் கேட்டார்.

"உன் கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?"

அவன் மறுபடியும் புத்தக அறைக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரை முன்னும் பின்னும் பார்த்தான். இவ்வளவு நேரமும் பென் டிரைவையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, முன்பக்கத்தில் சிடி போடும் தட்டு இருப்பது அப்போதுதான் உறைத்தது. அதை அழுத்தினான். வெளியே வந்தது.

மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டான். கடைக்காரர் விளக்கினார். அவ்வளவு பழைய கம்ப்யூட்டருக்குப் பென் டிரைவ் என்றால் என்னவென்றே தெரியாது. அதைத் தெரிவிக்கிற சின்ன மென்பொருள் ஒன்று உண்டு, அதை சிடியில் போட்டுக் கொடுத்தால் கம்ப்யூட்டர் படித்துக்கொள்ளும். பென் டிரைவையும் பழைய முறையில் ஃபார்மட் செய்தாக வேண்டும். இரண்டையும் அவரே செய்து கொடுத்தார்.

கலியமூர்த்தி சிடியைப் போட்டான். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டான். பென் டிரைவைச் செருகிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையின் ஓரத்தில் அதன் படம் வந்தது. அவன் சத்தமில்லாமல் அழுதான்.

நகலெடுப்பது அவன் நினைத்ததுபோல் சீக்கிரம் முடிகிற காரியமாக இல்லை. பழைய யுஎஸ்பி என்பதால் ஒவ்வொரு பதிவும் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. காலையில் உட்கார்ந்தவன் மதியம் தாண்டியும் எழவில்லை. கரகரப்பு ஏறும்போதெல்லாம் கம்ப்யூட்டரின் மேல் கையை வைத்துக்கொள்வான், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.

கடைசிப் பதிவு பாதி வந்திருக்கும்போது கரகரப்பு நின்றது. திரை உறைந்தது. அணைத்துப் போட்டான். கம்ப்யூட்டர் எழவில்லை. அதற்குப் பிறகு அது எழவே இல்லை. பாதியில் நின்ற பதிவு எதிலும் திறக்கவில்லை.

பெரியவர் கடைசியாகப் பேசியது அது.

மற்றவை வந்துவிட்டன என்று மனசைத் தேற்றிக்கொண்டு, அன்று மாலை அலுவலக அறை மடிக்கணினியில் பென் டிரைவைச் செருகி, அம்மாவை வந்து உட்காரச் சொன்னான். அம்மா பாய் விரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

முதலில் மழைச் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். எங்கோ பாத்திரம் உருண்டது. அதற்குப் பிறகு குரல் வந்தது. மெலிந்த குரல். கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி, வெற்றிலை போட்ட வாயோடு, அவசரமில்லாமல். கலியமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டான்.

பேச்சின் நடுவில் பெரியவர் நிறுத்தினார்.

"பிரமு, அந்த விளக்கைக் கொஞ்சம் தள்ளி வை. கண்ணுல குத்துது."

"இதோ சாமி" என்றார் பிரமநாயகி அம்மா.

கலியமூர்த்தி கண்ணைத் திறந்தான். அம்மா ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பாதி எழுந்திருந்தார். முழங்கால் வலியுள்ள அந்த உடம்பு அப்படி எழுந்து அவன் பார்த்ததில்லை. அறையில் விளக்கு எதுவும் ஏற்றியிருக்கவில்லை. அம்மா அப்படியே சற்று நின்றார். பிறகு மெதுவாக உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மடிக்கணினியில் பெரியவர் விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டு போனார்.

அடுத்து வந்த நாட்களில் கலியமூர்த்தி எல்லாவற்றையும் கேட்டுத் தீர்த்தான். பிறகு முதலிலிருந்து மறுபடி கேட்டான். வேலையில் கவனமில்லை. மழை ஓய்ந்த பிறகு ஒரு நாள் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவன் வாய்க்காலை மறிக்க மறந்துபோக, பாத்தியெல்லாம் குளமாகிவிட்டது. அம்மா மண்வெட்டியோடு வந்து அடைத்தார்.

அவன் சேற்றில் நின்றபடியே சொன்னான்.

"அவர் குரலைக் கேட்டா ஏக்கம் தீர்ந்துடும்னு நினைச்சேம்மா. கேட்கக் கேட்கக் கூடுது."

அம்மா மண்ணை அணைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் கிடைச்சிருந்தா தீர்ந்திருக்கும். அது போச்சே."

அம்மா மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். வாய்க்காலில் தண்ணீர் திரும்பி, கீழ்ப்பாத்தியை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தது.

"அந்தப் பேச்சை நான் அவர் காலடியில உட்கார்ந்து கேட்டேன். ஒரு வார்த்தை விடலை" என்றார். "எனக்கும் தீரலைப்பா."