புள்ளி விழாத படம்

"மேடம், இந்த இருட்டில் புள்ளி விழாமல் படம் எடுக்க என்ன வழி?" என்று கேட்டார் வேதமுத்து.

மெகருன்னிசா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஒரு நாளிதழின் தலைமைப் புகைப்படக்காரர். வேதமுத்து அவரைவிட மூத்தவர். அதே நாளிதழில் பிழை திருத்துபவராக இருந்தவர். அந்த வேலையைக் கணினிக்குக் கொடுத்துவிட்டு, நிர்வாகம் இவர் கையில் கேமராவைக் கொடுத்திருந்தது.

புயலில் காணாமல் போன படகு திரும்புவதாகத் தகவல். துறைமுகத்தின் மீன் ஏலக்கூடத்தில் குடும்பங்கள் காத்திருந்தன. பகல்தான். ஆனால் மழை இருட்டு. காத்திருப்பவர்கள் முகத்தில் ஃபிளாஷ் அடிப்பதில்லை என்பது அந்த நாளிதழின் வழக்கம்.

"ஷட்டர் வேகத்தைக் கூட்டினா படம் இருட்டு. குறைச்சா ஆள் புகை மாதிரி கலையுது. லென்ஸ் துளையை முழுசாத் திறந்தாச்சு," என்றார் வேதமுத்து.

"ஐஎஸ்ஓ?"

"அதை ஏத்தினா வெளிச்சம் வரும். கூடவே புள்ளியும் வருமே. நானூறைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னார்."

"யாரு?"

"கேமரா விக்கிறவர்."

"அவர் எந்தப் பத்திரிகை?"

வேதமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னைக்கும் கலங்கின படம் கொண்டுபோனா வீட்டுக்குப் போகச் சொல்லிட்டார் ஆசிரியர்."

"தெரியும்."

கூட்டம் சட்டென்று எழுந்தது. "படகு! படகு!"

வேதமுத்து கேமராவைத் தூக்கினார்.

"ஒரு எண் சொல்லுங்க மேடம், புண்ணியமாப் போகும்!"

மெகருன்னிசா பையிலிருந்து அன்றைய நாளிதழை எடுத்தார். முதல் பக்கத்தை வேதமுத்துவின் மூக்கோடு ஒட்டிப் பிடித்தார்.

"என்ன தெரியுது?"

"என் கண்ணாடி உடையப்போகுது."

"படத்துல என்ன தெரியுது?"

"கறுப்புப் புள்ளி. முழுக்கப் புள்ளிதான்."

தாளை மெல்லப் பின்னால் இழுத்தார். கை நீளத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இப்போ?"

நேற்று இதே கூடத்தில் மெகருன்னிசா எடுத்த படம். கணவனின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்க்கும் பெண்.

"செல்லக்கிளி," என்றார் வேதமுத்து. "அழுது முடிச்ச முகம்."

"புள்ளி எங்கே சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் படகிலிருந்து ஒரு குரல் வந்தது.

"செல்லக்கிளி!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் அவரைத் தாண்டி ஓடினாள்.

வேதமுத்து ஐஎஸ்ஓ சக்கரத்தைத் திருப்பினார். எண்ணைப் பார்க்கவில்லை. ஷட்டர் வேகத்தையும் ஏற்றினார். அழுத்தினார்.

பிறகுதான் திரையைப் பார்த்தார். புள்ளி இருந்தது; ஆள் புகையாகக் கலையவில்லை.

செல்லக்கிளியின் இரண்டு கால்களும் தரையில் இல்லை.