தீர்ப்பில் இல்லாத வட்டி

புட்டுக்கடை ஞானப்பூவின் வீடு வட்டிக்காரர் தாணுலிங்கத்திடம் அடமானம். மூன்று லட்சம் கட்டாவிட்டால் வீடு ஏலம் என்று கோர்ட்டில் தீர்ப்பும் வாங்கிவிட்டார் மனிதர். ஞானப்பூ சங்கிலியை விற்று, ஏலத்துக்கு முந்தின நாள் முழுப் பணத்தோடு கோர்ட்டில் வந்து நின்றாள்.

தாணுலிங்கம் பதறிவிட்டார். "தீர்ப்பு வந்து நாலு வருசம் ஆச்சு ஐயா. அதுக்கு வட்டி ஒண்ணரை லட்சம் வேணும்!"

நீதிபதி தீர்ப்பைப் புரட்டினார். "மேல்வட்டின்னு இதுல ஒரு வரியும் இல்லையே?"

"எழுத விட்டுப்போச்சு. இப்போ சேத்துக்கிட்டா என்ன?"

"சேக்கட்டும் ஐயா," என்று ஞானப்பூ பணிவாகக் கும்பிட்டாள். "கேஸ் நடக்கும்போதே இவரு கையில நான் இருபதாயிரம் குடுத்தேன். அதுவும் எழுத விட்டுப்போச்சு. அதையும் கழிச்சிருங்க."

தாணுலிங்கம் துள்ளிக் குதித்தார். "அதெப்படி? தீர்ப்புல எழுதாதத ஒரு காசு கூட்டவோ குறைக்கவோ இந்தக் கோர்ட்டுக்கே அதிகாரம் கிடையாது!"

நீதிபதி வழக்குக் கட்டை மூடினார். "நீங்க சொன்னதுதான் சட்டம். மூணு லட்சத்த வாங்கிக்கிட்டு பத்திரத்தக் குடுங்க."

அன்று மாலை தாணுலிங்கம் வீட்டுக்குச் சுடச்சுட ஒரு புட்டுப் பொட்டலம் போயிற்று.

"காசு வேண்டாம்," என்று சொல்லியனுப்பியிருந்தாள் ஞானப்பூ. "வட்டியில கழிச்சுக்கிடச் சொல்லு."